தாத்தா விட்டுப்போன வேட்டை துப்பாக்கி என்ன விலை போகும்? ஏமாறாமல் விற்பது, வாங்குவது எப்படி?

காஞ்சீபுரம்:

பெரியவர் இறந்து காரியம் எல்லாம் முடிந்த பிறகு பீரோவைத் திறந்து பார்க்கும்போதுதான் சில வீடுகளில் அந்தக் கேள்வி வருகிறது. "இந்தத் துப்பாக்கியை என்ன பண்றது?"

நகை என்றால் எடை போட்டு விலை சொல்லி விடலாம். நிலம் என்றால் பக்கத்து மனை போன விலையைக் கேட்கலாம். துப்பாக்கி விலையை யாரிடம் போய்க் கேட்பது? அக்கம் பக்கத்தில் வாய் திறக்கவே பயம். அந்தப் பயத்தைத்தான் புரோக்கர்கள் காசாக்குகிறார்கள்.

"பெரியம்மா, இது வெறும் பழைய இரும்பு. போலீசு, கோர்ட்டுன்னு அலையணும். ஐயாயிரம் தர்றேன், தொல்லை விட்டுச்சுன்னு குடுத்துடுங்க" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்த அம்மாவும் தலையாட்டி விடுவார். அதே துப்பாக்கி கடைக்குப் போனால் பல மடங்கு விலைக்குப் போகும். அதைவிட மோசம், லைசென்சு இல்லாத ஆளிடம் அதைத் தூக்கிக் கொடுத்ததே குற்றம். பணமும் போய், வழக்கும் வந்து சேரும்.

திருப்புட்குழியில் இருந்தாலும் திருச்சியில் இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். பழைய வேட்டை துப்பாக்கிக்கு நியாயமான விலையை எப்படித் தெரிந்து கொள்வது என்று பார்க்கலாம்.

லைசென்சு இல்லையென்றால் விலை பூஜ்யம்

முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, காகிதத்தை.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கூட்டினார்கள். சாதாரண வகை துப்பாக்கியை லைசென்சு இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில். லைசென்சு இல்லாமல் செய்வது, விற்பது என்றால் 7 ஆண்டில் இருந்து ஆயுள் வரை போகும்.

ஆகவே லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு "நியாய விலை" என்று ஒன்று கிடையாது. யாராவது விலை சொன்னால் அது ஜெயிலுக்கு டிக்கெட் விலை. அப்படி ஒன்று பரணில் கிடைத்தால் தெரிந்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்பதுதான் வழி.

"இது ராஜா காலத்து துப்பாக்கி, சுடவே சுடாது" என்கிறவர்களும் உண்டு. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத, பழம்பொருள் மதிப்பு மட்டுமே உள்ள ஆயுதத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது சுடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் போதாது. அதிகாரிகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

லைசென்சில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. இப்போது எல்லா ஆயுத லைசென்சும் மத்திய அரசின் கம்ப்யூட்டர் பதிவில் ஏற வேண்டும். அதற்கு ஒரு தனி எண் கொடுப்பார்கள். அந்த எண் இல்லாத பழைய புத்தகம் செல்லாது. புத்தகம் கையில் இருக்கிறது என்று சும்மா இருந்து விடக் கூடாது.

பெரியவர் இறந்து விட்டால்?

லைசென்சு அவர் பேரில்தான். அவர் போனதும் அந்த உரிமையும் போய் விடுகிறது. "அப்பா துப்பாக்கி, நான் வெச்சிருக்கேன்" என்று மகன் சொல்ல முடியாது.

தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். திருப்புட்குழிக்காரர் என்றால் பாலுசெட்டிசத்திரம் போலீஸ் நிலையம். ஒப்படைத்ததால் துப்பாக்கி அரசுக்குப் போய் விட்டது என்று அர்த்தம் இல்லை. வாரிசு தன் பேரில் லைசென்சு வாங்கித் திரும்ப எடுக்கலாம். அல்லது லைசென்சு உள்ள ஒருவருக்கு விற்று, பணத்தை வாங்கிக் கொள்ளலாம். இதைச் சட்டமே சொல்கிறது.

ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. கெடு தாண்டினால் பறிமுதல் செய்ய உத்தரவு போடலாம். பல குடும்பங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ஸ்டேஷனில் போட்டு விட்டு வருஷக்கணக்கில் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் போட்டால் மாதா மாதம் வாடகை ஏறும். சில வருஷம் கழித்துப் போனால் வாடகையும் துப்பாக்கி விலையும் ஒன்றாக நிற்கும்.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் வழி இருக்கிறது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் லைசென்சு அதிகாரி கையில். காஞ்சீபுரம் என்றால் கலெக்டர் அலுவலகம்.

வீட்டில் இருப்பது என்ன வகை?

"ரைபிள்" என்று எல்லாவற்றையும் சொல்லி விடுகிறோம். விலை பேசும்போது அது ஆகாது.

குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் அது ரவைத் தோட்டா போடும் துப்பாக்கி. பெரும்பாலும் 12 போர். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று வரும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அதுதான் 12 போர். ஆகவே 16 போர் என்றால் குழல் பெரியது என்று நினைக்காதீர்கள், சிறியது.

உள்ளே முறுக்குக் கோடு சுற்றிக்கொண்டு போனால் அதுதான் ரைபிள். ஒற்றைக் குண்டை சுழற்றி அனுப்பும், தூரம் போகும். நம் நாட்டில் அதிகம் புழங்குவது .315 ரைபிள். இதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் துப்பாக்கி .303. ராணுவத் தோட்டா வெளியே கசிந்து யாரும் பயன்படுத்தி விடக் கூடாது என்று பொதுமக்களுக்கு வேறு அளவு கொடுத்தார்கள். அப்படி வந்து நிலைத்ததுதான் .315. மேற்கு வங்காளம் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் இதைச் செய்தார்கள். தோட்டாவும் உள்நாட்டிலேயே தயாராவதால் இதற்கு என்றும் ஒரு கிராக்கி இருக்கிறது.

.303 இன்றைக்கும் தடை செய்யப்பட்ட வகையில்தான் வருகிறது. அதற்கு கலெக்டர் லைசென்சு தர முடியாது, டெல்லியில் உள்துறை அமைச்சகம் தர வேண்டும். வாங்கத் தகுதி உள்ளவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலை பேச ஆள் இருக்காது.

.22 சின்ன ரைபிள். குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள், ரைபிள் கிளப் உறுப்பினர்கள் விரும்புவார்கள்.

பழசுக்கு ஏன் அந்த விலை?

பழைய சைக்கிள் புதுசை விடக் குறைந்த விலைக்குத்தான் போகும். பழைய துப்பாக்கி சில நேரம் புதுசை விட அதிக விலைக்குப் போகும். காரணம் இருக்கிறது.

1980-களின் நடுவில் இருந்து தனி ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்று விட்டது. பெயர் பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் சலுகை. ஆகவே அதற்கு முன்னால் நாட்டுக்குள் வந்த இங்கிலாந்து, ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா துப்பாக்கிகள்தான் கைமாறிக் கொண்டே இருக்கின்றன. புதிதாக வரத்து இல்லை. அதனால் வெளிநாட்டில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் சரக்கு இங்கே எகிறுகிறது.

விலையைக் கீழே இழுத்த சம்பவமும் உண்டு. 2019 டிசம்பருக்கு முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். சட்டத் திருத்தம் அதை 2 ஆக்கியது. முதலில் ஒன்றாகவே குறைக்கத்தான் மசோதா வந்தது, எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டு ஆனது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். பரம்பரைச் சொத்து என்றாலும் இதே கணக்குதான். விற்றே ஆக வேண்டியவன் கையில் இருக்கும் பொருளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று நெசவாளர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

ஆக, துப்பாக்கி விலை என்பது இரும்பின் விலை அல்ல. அதை வாங்கும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது, விற்கிறவருக்கு எவ்வளவு அவசரம் என்பதுதான் பாதி விலை. மீதிப் பாதி பொருளின் தரம்.

குழலில் உள்ள பேரை நம்பலாமா?

குழலின் மேல் அழகாக ஒரு பேர் வெட்டியிருக்கும். அது செய்தவர் பேர் என்று நினைத்து விடுகிறார்கள். பல நேரம் அது விற்ற கடையின் பேர். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர் போன பி.ஆர் அண்டு சன்ஸ் கடை அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. கல்கத்தாவில் ரோடா கம்பெனி. 1914-ல் வங்காளப் புரட்சிக்காரர்கள் கடத்திய 50 மவுசர் பிஸ்டல்கள் இந்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்குதான். இவர்கள் வெளிநாட்டில் வாங்கி, தங்கள் பேரைப் போட்டு விற்றார்கள்.

கடைப்பேர் இருந்தால் மதிப்பு கொஞ்சம் கூடும். ஆனால் விலையை நிர்ணயிப்பது குழலின் அடியில் குத்தியிருக்கும் சின்னச் சின்ன முத்திரைகள். லண்டன், பர்மிங்காம் நகரங்களில் துப்பாக்கியைச் சோதித்து முத்திரை குத்தும் நிலையங்கள் இன்றும் இருக்கின்றன. பர்மிங்காம் நிலையம் 1813-ல் தொடங்கியது. புகை இல்லாத நவீன மருந்துக்குத் தாங்கும் என்றால் அதற்குத் தனி முத்திரை இருக்கும். அது இல்லாமல் கருமருந்து காலத்துச் சரக்கு என்றால், இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம். கை போய் விடும்.

பழைய டமாஸ்கஸ் குழல் என்று ஒன்று வரும். இரும்புப் பட்டையை முறுக்கிச் சுற்றிச் செய்தது. மேலே பட்டுச் சேலை ஓரம் மாதிரி அலை அலையாகக் கோடு ஓடும். பார்க்க அவ்வளவு அழகு. சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. அழகுக்கு மயங்கி பெரிய விலை கொடுத்தால் சுடாத துப்பாக்கிக்குக் கொடுத்த விலை.

இன்னொன்று தோட்டா அறையின் நீளம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் இரண்டே முக்கால். உள்ளே நுழைந்து விடும், ஆனால் வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது. அழுத்தம் கூடும். இதை அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

கண்ணால், காதால், கையால்

பட்டுச் சேலை வாங்கத் தெரிந்த காஞ்சீபுரத்துக்காரர் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் ஜரிகை. மேல் பளபளப்பை யாரும் நம்புவது இல்லை. துப்பாக்கியிலும் அதே புத்திதான் வேண்டும்.

எடுத்ததும் செய்ய வேண்டியது, தோட்டா உள்ளே இல்லை என்று திறந்து பார்ப்பது. விற்கிறவர் "காலிதான் தம்பி" என்று சத்தியம் செய்தாலும் திறந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் குழல் முனை யார் பக்கமும் திரும்பி இருக்கக் கூடாது. காலி என்று சொன்ன துப்பாக்கிகள்தான் வீட்டுக்குள் ஆளைக் கொன்றிருக்கின்றன.

அடுத்தது நம்பர். குழல், இயங்கும் பகுதி இரண்டிலும் உள்ள எண் லைசென்சு புத்தகத்தில் உள்ள எண்ணோடு அட்சரம் பிசகாமல் பொருந்த வேண்டும். போல்ட் ரைபிளில் போல்ட்டிலும் எண் இருக்கும். எண் தேய்த்திருந்தால், திருத்தியிருந்தால் விலையே பேச வேண்டாம், எழுந்து வந்து விடுங்கள். அப்படிப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக் கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

பிறகு குழல். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளியாகக் கறுப்பு தெரிந்தால் துரு அரித்த குழி. ஓரிரண்டு இருந்தால் விலை குறையும், அவ்வளவுதான். தோட்டா அறைக்குப் பக்கத்தில் ஆழமாக இருந்தால் ஆபத்து. உள்ளே எங்காவது வளையம் மாதிரி நிழல் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. முன்பு எப்போதோ அடைப்போடு சுட்டிருப்பார்கள். அந்தத் துப்பாக்கியை விட்டு விடலாம்.

இரட்டைக்குழலுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. குழலை மட்டும் கழற்றி, கொக்கியில் விரலை மாட்டித் தொங்க விட்டு, நகத்தால் சுண்ட வேண்டும். கோவில் மணி மாதிரி "ணங்" என்று நீளமாக ஒலித்தால் இரண்டு குழலையும் இணைத்த பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் நடுப்பட்டை விட்டிருக்கிறது. திரும்பப் பற்றவைக்கத் தெரிந்த கைகள் இப்போது மிகக் குறைவு, கூலியும் அதிகம்.

ஆட்டம் பார்ப்பது அடுத்தது. முன்கட்டையைக் கழற்றி விட்டு, குழலைப் பூட்டி, மெதுவாக அசைத்துப் பாருங்கள். கடகட என்று ஆடினால் பூட்டுத் தேய்ந்து விட்டது. பூட்டிய பிறகு குழலுக்கும் பின்பகுதிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலும் அதே நோய்தான். "கொஞ்சம் லூசு அண்ணே, டைட் பண்ணிடலாம்" என்பார்கள். சுத்தியால் அடித்து டைட் செய்தது ஆறு மாதத்தில் பழையபடி ஆடும்.

ரைபிளில் முறுக்குக் கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். தேய்ந்து வழவழப்பாகி விட்டால் குண்டு குறிக்குப் போகாது. குறிப்பாக இரண்டு முனைகளையும் பாருங்கள். தோட்டா அறையை ஒட்டிய இடம் சுட்டுச் சுட்டுத் தேயும். வாய்ப்பகுதி சுத்தம் செய்யும் கம்பி உரசி உரசித் தேயும். பழைய தோட்டாக்களின் மருந்து உப்பை விட்டுப் போகும். சுட்ட அன்றைக்கே கழுவாத ரைபிளுக்கு உள்ளே துருதான் மிச்சம்.

மரக்கட்டையில் கைப்பிடி இருக்கும் ஒடுங்கிய இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்துப் போன மரம் மெத்தென்று ஆகி விடும், திருகாணி பிடிக்காது.

புத்தம் புதுக் கறுப்பு மெருகு போட்டு மின்னினால் சந்தேகப்பட வேண்டும். பழைய எழுத்தும் முத்திரையும் மழுங்கியிருந்தால் துருவை அரத்தால் ராவி விட்டு மேலே மெருகு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இயற்கையாக நரைத்த துப்பாக்கி நல்லது.

குழலை வெட்டிக் குட்டையாக்கிய துப்பாக்கி வேண்டவே வேண்டாம். அனுமதி இல்லாமல் குழலை வெட்டுவது தனிக் குற்றம்.

தேர்தல் வந்தால் லைசென்சு துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். மாதக்கணக்கில் ஒரே மூலையில் சாய்ந்து நிற்கும். நல்ல துப்பாக்கி கூட இதில் துருப்பிடித்து வெளியே வந்திருக்கிறது. ஒப்படைக்கும் முன் எண்ணெய் தடவிக் கொடுப்பதும், திரும்ப வாங்கியதும் துடைப்பதும் விலையைக் காப்பாற்றும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

கணக்கு போடுவது எப்படி?

இது வெறும் உதாரணக் கணக்கு. நிஜ விலைக்கு அன்றைய தேதியில் கடையில் கேட்க வேண்டும்.

அதே வகை புதுத் துப்பாக்கி கடையில் ரூ.1 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். அதே மாடல், நன்றாக உள்ள பழசை அந்தக் கடைக்காரர் ரூ.70 ஆயிரத்துக்கு விற்கிறார். உங்கள் துப்பாக்கியில் கட்டை விரிசல் சரி செய்ய ரூ.8 ஆயிரம், ஸ்பிரிங் மாற்ற ரூ.3 ஆயிரம் ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். கழித்தால் ரூ.59 ஆயிரம். கடையில் வாங்கினால் கேட்க ஒரு இடம் இருக்கும், தனி ஆளிடம் வாங்கினால் அது இல்லை, காத்திருக்கவும் வேண்டும். அதற்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் ரூ.55 ஆயிரம். நேரடியாக விற்றால் இதுதான் நியாயமான இடம்.

அதையே கடைக்காரர் ரூ.40 ஆயிரத்துக்குக் கேட்டால் அவரைத் திட்ட முடியாது. அவர் வாங்கி வைத்து, லைசென்சு உள்ள ஆள் எப்போது வருவானோ அதுவரை பணத்தை முடக்க வேண்டும். ரூ.15 ஆயிரத்துக்குக் கேட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். குறைந்தது மூன்று கடையில் கேட்க வேண்டும். முடிந்தால் வேறு ஊர்க் கடையில் ஒன்று.

வெளிநாட்டு ரைபிள் என்றால் இந்தக் கணக்கு உதவாது, ஒப்பிட புதுசு கிடையாது. அங்கே வாங்குகிறவர் கேட்க வேண்டியது தோட்டா. அந்த அளவுத் தோட்டா கிடைக்கிறதா, என்ன விலை? பெரிய பேர் உள்ள ரைபிளை வாங்கி விட்டு ஒரு தோட்டாவுக்கு ஊர் ஊராக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயன்பாட்டு விலை குறைவுதான்.

உள்நாட்டு அரசுத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. இஷாப்பூர், கான்பூர், நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை எல்லாம் இப்போது ஒரே கம்பெனியின் கீழ் வருகின்றன. தனியார் தயாரிப்பும் வந்து விட்டது. விலைப்பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷத்து விலையை வைத்துப் பேசக் கூடாது.

கன்மேன் வேலைக்கு வாங்குகிறவர்கள்

பழைய இரட்டைக்குழலை அதிகம் தேடுகிறவர்கள் யார் தெரியுமா? பண்ணையார்கள் அல்ல. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, வங்கி, நகைக்கடை, பணம் ஏற்றும் வேன் என்று காவல் வேலைக்குப் போகிறவர்கள். கையில் தடியோடு நிற்கும் வாட்ச்மேனை விட, லைசென்சு துப்பாக்கியோடு நிற்கும் கன்மேனுக்குச் சம்பளம் கூடுதல்.

இவர்கள் ஓய்வூதியப் பணத்தில் வாங்குகிறார்கள். ஏமாந்தால் குடும்பத்துக்கே அடி. இவர்களுக்கு வேலைப்பாடும் கம்பெனிப் பேரும் தேவை இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பு, ஆட்டம் இல்லாத பூட்டு, துரு இல்லாத குழல், ஊரில் கிடைக்கும் தோட்டா, இவ்வளவு போதும். செதுக்கு வேலைக்குத் தனிக் காசு கொடுப்பது வீண்.

வாங்கும் முன் தங்கள் லைசென்சையே எடுத்துப் படிக்க வேண்டும். எந்த வகைத் துப்பாக்கிக்கு அனுமதி, என்ன காரணத்துக்கு, மாவட்டத்துக்குள் மட்டுமா, மாநிலம் முழுக்கவா என்று அதில் இருக்கும். பயிர் பாதுகாப்புக்கு வாங்கிய லைசென்சைக் காட்டி நகைக்கடை வாசலில் நிற்க முடியாது.

வேட்டைக்கு என்று வாங்காதீர்கள்

"வேட்டை துப்பாக்கி" என்பது இப்போது பேச்சு வழக்குதான். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், அதில் 1991-ல் வந்த திருத்தம் இரண்டும் சேர்ந்து வேட்டையை முடித்து வைத்து விட்டன. முயல், காடை, கவுதாரி என்று போனாலும் வழக்குதான்.

காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் துப்பாக்கி வாங்க நினைக்கும் விவசாயிகளும் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் சுட வேண்டியது வனத்துறையினர். விவசாயி இல்லை. "கவர்மெண்டே சுடலாம்னு சொல்லிட்டாங்க, வாங்கிப் போடு மாமா" என்று விற்கப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

இந்தப் பக்கத்து மக்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் பிடிக்காதது இன்று நேற்று அல்ல. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்கார சிப்பாய்கள் சுட்டபோது கிராமத்தார் போய் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுத்தாகவே வாங்கி விட்டார்கள். திருப்புட்குழிக்கோ பேரே பறவையால் வந்தது. ராமர் ஜடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த இடம் என்பது விஜயராகவப் பெருமாள் கோவில் தல வரலாறு. 'புள்' என்றால் பறவை.

45 நாள் பொறுக்க வேண்டும்

விலை முடிந்தது என்று கையோடு துப்பாக்கியை மாற்றிக் கொள்ளக் கூடாது.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துப்பாக்கியை இன்னொரு லைசென்சுதாரருக்கு விற்கலாம். அதற்கு முன், இன்னாருக்கு, இந்த விலாசத்தில் உள்ளவருக்கு விற்கப் போகிறேன் என்று கலெக்டருக்கோ, பக்கத்து போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளில் இருந்து குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கை மாற்ற வேண்டும்.

இந்த 45 நாளில் முழுப் பணத்தையும் கொடுத்து விடக் கூடாது. சிறிய முன்பணம் கொடுத்து, துப்பாக்கி எண், விலை, பாக்கித் தொகை எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அனுமதியில் சிக்கல் வந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

அலைய முடியாதவர்கள் லைசென்சு உள்ள கடை வழியாகவே விற்கலாம். கமிஷன் போகும், ஆனால் காகித வேலை அவர் பார்த்துக் கொள்வார். செல்போனில் துப்பாக்கிப் படம் போட்டு "பார்சலில் அனுப்புகிறோம், பாதிப் பணம் போடுங்க" என்று வந்தால், பணமும் வராது, துப்பாக்கியும் வராது. வந்தாலும் பின்னாலேயே போலீஸ் வரும்.

விற்ற பிறகு லைசென்சு புத்தகத்தில் இருந்து அந்த எண்ணை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, நீக்கியதைப் பார்த்து விட வேண்டும். நாளைக்கு அந்தத் துப்பாக்கி எங்காவது ஒரு வழக்கில் சிக்கினால் முதலில் கதவைத் தட்டுவது பதிவில் பேர் உள்ளவர் வீட்டைத்தான்.

பீரோவின் அடித்தட்டில் பழைய டப்பாவில் நாலு தோட்டா கிடக்கும். துப்பாக்கி போன பிறகு அதை வைத்திருக்கவும் உரிமை கிடையாது. ஆற்றில், கிணற்றில் போட வேண்டாம். துப்பாக்கியோடு சேர்த்து எண்ணிக் கொடுத்து, ரசீதில் தோட்டா எண்ணிக்கையையும் எழுதி வாங்கிக் கொள்ளலாம்.